கலாஷ்னிகோவுக்கே கிடைக்கவில்லை என்று சொல்லும் கம்பனிகளுக்கும், அதைக் கேட்டுத் தலையாட்டும் சங்கங்களுக்கும்

பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகிகளுக்கும் மலையகத் தொழிற்சங்கங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

தோட்டத்துப் பட்டறையில் இயந்திரம் பூட்டித் திருத்தும் ஒரு பிட்டர் கொழுந்து வெட்டும் கத்தரிக்குப் புதுத் தட்டு ஒன்று பொருத்துகிறார், அல்லது தேயிலையைச் சுருட்டும் ரோலரின் மேசையில் பதித்திருக்கும் கட்டைகளின் வளைவை மாற்றி இலை நொறுங்குவதைக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கேட்டு வருகிறார். "இதில் எனக்கு என்ன?" என்று பிட்டர் கேட்டால் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பதில் மனப்பாடப் பாடம் போல ஆகிவிட்டது: ஏகே 47 துவக்கைச் செய்த கலாஷ்னிகோவுக்கே ஒரு சதம் ரோயல்டி, அதாவது செய்யும் ஒவ்வொன்றுக்கும் கண்டுபிடித்தவருக்கு வரும் பங்கு, கிடைக்கவில்லை, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் கண்டுபிடித்தால் அது முதலாளிக்குத்தான். மேசைக்கு இந்தப் பக்கத்திலோ இன்னொரு பாடம் ஓடுகிறது: துவக்கு செய்தவன் எல்லாம் கோடீஸ்வரன், தேயிலைக்குச் செய்தவன்தான் லயத்தில் கிடக்கிறான்.

இரண்டுமே பிழை. ஆயுதம் கண்டுபிடித்தவர்களில் கோடி சேர்த்தவர்களும் உண்டு, பதக்கத்தோடு வீடு போனவர்களும் உண்டு. வித்தியாசம் மூளையில் இல்லை, துவக்கு எத்தனை விற்றது என்பதிலும் இல்லை. கண்டுபிடிப்பு வெளியே வருவதற்கு முன் யார் எந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தார் என்பதில்தான் இருக்கிறது. அப்படியொரு கடதாசியைத் தோட்டத்திலும் இரு தரப்பும் எழுத வேண்டும் என்று கேட்பதே இந்த மடல். ஆயுதத்தை உதாரணமாக எடுத்தது நாங்கள் அல்ல, நீங்கள். ஆனால் உதாரணம் நல்லதுதான். அரசாங்கங்கள் இலட்சக்கணக்கில் வாங்கும் பொருள் என்பதால் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு வேறெந்தத் தொழிலையும் விட இதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. கொல்லும் கருவியில் காசு பண்ணலாமா என்பது வேறு கேள்வி. முப்பது வருடப் போர் பார்த்த நாட்டில் அதை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முதலில் கலாஷ்னிகோவ். ரோயல்டி கிடைக்கவில்லை என்பது உண்மை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது பொய். துவக்கு 1949இல் சோவியத் இராணுவத்தில் ஏற்கப்பட்டது. அதே வருடம் ஸ்டாலின் பரிசாக 150,000 ரூபிள் கொடுத்தார்கள். அப்போது ஒரு பொபேதா கார் 16,000 ரூபிள், அதாவது ஒன்பது காருக்குமேல் வாங்கும் பணம். அந்த நாட்டில் கண்டுபிடிப்பு எல்லாமே அரசுக்குச் சொந்தம். அப்படியிருந்தும் 1931 முதல் கண்டுபிடிப்பாளர் சான்றிதழ் என்ற ஒரு முறை இருந்தது: உரிமை அரசுக்கு, ஆனால் கண்டுபிடிப்பால் மிச்சமான தொகையை வைத்துக் கணக்குப் போட்டு கண்டுபிடித்தவருக்கும் ஒரு பங்கு. பிறகு 2003 அளவில், வயதான காலத்தில், ஜெர்மன் கம்பனி ஒன்றுக்குக் குடைக்கும் பேனாக்கத்திக்கும் தன் பெயரைப் பாவிக்க அனுமதி கொடுத்தார். அதில் பங்கு வந்தது. துவக்கில் இல்லாத உரிமை பெயரில் இருந்தது. ஆகவே கலாஷ்னிகோவைக் காட்டுகிற கம்பனி அவருக்குக் கிடைத்ததையாவது கொடுக்குமா என்பதே எங்கள் முதல் கேள்வி. இன்று பட்டறைக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதுகில் ஒரு தட்டு.

அமெரிக்கப் பக்கத்தில் கலாஷ்னிகோவுக்கு இணை ஜோன் கரண்ட். ஸ்பிரிங்பீல்ட் அரச ஆயுதச்சாலையில் 1919 முதல் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர். அவர் வடிவமைத்த எம் 1 துவக்கு 1936இல் இராணுவத்துக்கு வந்தது. மொத்தம் ஐம்பது இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதே 1936இல் தன் உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ரோயல்டி பூச்சியம். 100,000 டொலர் கொடுக்கலாம் என்று காங்கிரஸில் ஒரு சட்டமூலம் வந்தது, நிறைவேறவில்லை. 1953இல் ஓய்வு பெற்றார். எழுதிக் கொடுத்த பிறகு கேட்டால் அது பிச்சை, எழுதிக் கொடுப்பதற்கு முன் கேட்டால் அது பேரம். சங்கத் தலைவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

ஜோன் பிரவுனிங் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர். தகப்பனின் பட்டறையில் வளர்ந்தவர். ஒற்றைத் தோட்டா றைபிள் ஒன்றின் உரிமையை 1883இல் வின்செஸ்டர் என்ற துவக்குக் கம்பனிக்கு 8,000 டொலருக்கு மொத்தமாக விற்றார். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அதே முறைதான்: வரைபடத்தைக் கொடு, பணத்தை வாங்கு, மறந்துவிடு. வின்செஸ்டர் சில வடிவங்களை வாங்கிப் பெட்டியில் பூட்டியும் வைத்தது, வேறு யாருக்கும் போகக்கூடாது என்பதற்காக. தானியங்கி ஷொட்கன் ஒன்றைச் செய்த பிறகுதான், 1902 வாக்கில், மொத்த விலை வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ரோயல்டி தா என்றார். வின்செஸ்டர் மறுத்தது. பெல்ஜியத்தில் எப்என் கம்பனியிடம் போனார். அங்கே ஒவ்வொரு துவக்குக்கும் காசு வந்தது. வின்செஸ்டர் இழந்தது ஒரு ஷொட்கனை அல்ல, ஒரு மனிதனை. முதலாம் உலகப் போரில் மட்டும் அமெரிக்க அரசிடம் மூன்று ஆயுதங்களின் உரிமைக்கு 750,000 டொலர் மொத்தத் தொகை வாங்கினார். ரோயல்டிக் கணக்குப் போட்டால் அதைவிடப் பல மடங்கு வந்திருக்கும் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டார். தெரிந்து விடுவதும் தெரியாமல் இழப்பதும் ஒன்றல்ல.

யூஜின் ஸ்டோனர் நடுவழி. ஆர்மலைட் என்ற சிறிய கம்பனியில் பொறியியலாளர். ஏஆர் 10, ஏஆர் 15 இரண்டின் உரிமையையும் அந்தக் கம்பனி 1959இல் கோல்ட் கம்பனிக்கு விற்றது: கையில் 75,000 டொலர், விற்பனையில் நூற்றுக்கு 4.5 வீதம். அந்த ஏஆர் 15தான் எம் 16 ஆகி இலட்சக்கணக்கில் போனது. அவருடைய ஆக்கவுரிமை (பேட்டன்ட்) 1960இல் வழங்கப்பட்டு 1977இல் முடிந்தது. அதோடு யாரும் அதைச் செய்யலாம் என்றாகிவிட்டது. இன்று ஏஆர் 15 செய்கிற கம்பனிகள் பல, எவரும் யாருக்கும் பங்கு கொடுப்பதில்லை. ஆக்கவுரிமைக்கு ஆயுசு உண்டு என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகிறீர்கள்.

இனி நாங்கள் அதிகம் சொல்ல விரும்புகிற ஆள், ரொலின் வைட். ரிவோல்வரின் உருளையை முன்னிருந்து பின்வரை முழுதாகத் துளைப்பது சம்பந்தமான ஆக்கவுரிமை 1855 ஏப்ரலில் அவர் பெயருக்கு வந்தது. அந்தத் துளை இல்லாமல் பித்தளைத் தோட்டாவைப் பின்னால் போட முடியாது. ஸ்மித் அன்ட் வெசன் என்ற துவக்குக் கம்பனி 1856இல் அவரிடம் உரிமை வாங்கியது, ஒரு ரிவோல்வருக்கு 25 சதம். கேட்க நல்ல ஒப்பந்தம். ஆனால் உள்ளே ஒரு வரி இருந்தது: யாராவது இந்த உரிமையை மீறினால் வழக்குப் பேச வேண்டியது வைட், அவருடைய செலவில். உள்நாட்டுப் போர் வந்தது, ரிவோல்வருக்குத் தட்டுப்பாடு வந்தது, ஊரெல்லாம் அந்தத் துளையைப் போட்டார்கள். வைட் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார், வென்றார், வந்த காசைச் சட்டத்தரணிகளிடம் கொட்டினார். வருடங்கள் ஓடி 1869இல் ஆக்கவுரிமை முடிந்தது. நீடித்துத் தா என்று காங்கிரஸிடம் கேட்டார். காங்கிரஸ் சம்மதித்தது, 1870இல் ஜனாதிபதி கிரான்ட் தடுத்து நிறுத்தினார். ஸ்மித் அன்ட் வெசன் பெரிய கம்பனி ஆனது. 25 சதம் என்ற எண்ணை மட்டும் பார்த்தவர்கள் வைட்டைக் கெட்டிக்காரர் என்பார்கள். வழக்குச் செலவு என்ற வரியைப் பார்த்தவர்களுக்குத்தான் அவர் ஏன் பணக்காரர் ஆகவில்லை என்று புரியும். கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பள எண்ணை மட்டும் மேடையில் சொல்லி நிபந்தனைகளை அடிக்குறிப்பில் விடுகிற பழக்கம் நமக்கும் உண்டு, அதற்கு மேல் சொல்லவில்லை.

வார்த்தை ஒன்றே ஆளைக் கவிழ்த்த கதைக்கு நொபெல். இலங்கையில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த அதே 1867இல்தான் நொபெல் டைனமைட்டுக்கு ஆக்கவுரிமை எடுத்தார். கம்பனிகளும் பங்குகளும் அவரிடமே இருந்தபடியால் பெரும் செல்வந்தரானார். அவருக்கும் ஒரு தோல்வி உண்டு. புகையில்லாத வெடிமருந்து ஒன்றுக்கு எடுத்த ஆக்கவுரிமையில், அதன் ஒரு பகுதிப் பொருளை 'நன்கு அறியப்பட்ட, கரையும் வகை' என்று எழுதிவிட்டார்கள். பிரித்தானிய அரசின் குழுவில் இருந்த ஏபலும் டுவாரும் கரையாத வகையை வைத்து கோடைட் என்ற வெடிமருந்தைச் செய்தார்கள். நொபெலின் கம்பனி வழக்குப் போட்டு 1895இல், அப்போது பிரித்தானியாவின் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. கரையும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இது கரையாதது, அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், விண்ணப்பத்தில் 'அலுமினியத் தட்டு' என்று எழுதினீர்களானால் பக்கத்துக் கம்பனி அதையே பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டுச் சிரிக்கும். 'வெட்டப்பட்ட கொழுந்தைத் தாங்கும் ஏந்தி' என்று எழுத வேண்டும், அலுமினியத்தை அதற்குக் கீழே ஒரு உதாரணமாக வைக்க வேண்டும்.

விற்றுவிட்டுப் போகிறவரின் கை எவ்வளவு தூரம் கட்டப்படும் என்பதற்கு நோர்டன்பெல்ட் வழக்கு. சுவீடனில் பிறந்த அவர் துவக்கு, வெடிமருந்து வியாபாரத்தை 287,500 பவுணுக்கு விற்றார். பிறகு அது மக்ஸிம் கம்பனியோடு சேர்ந்தது. 25 வருடத்துக்கு உலகத்தில் எங்கேயும் இந்தத் தொழிலில் போட்டியாக இறங்கமாட்டேன் என்ற கட்டுப்பாட்டுக்கும் ஒப்புக்கொண்டிருந்தார். மீறினார், 1894இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்த்தது. அவ்வளவு பெரிய தொகை வாங்கியவரைக் கட்டுவது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளப் பிட்டரிடம் இப்படியான வரியை வேலைக் கடிதத்தில் செருகினால் அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டிவரும்.

தியத்தலாவையில் 1900 முதல் தென்னாபிரிக்காவின் போயர் போர்க் கைதிகள் ஐயாயிரம் பேர் அளவில் அடைக்கப்பட்டிருந்ததைப் படித்திருப்பீர்கள். போர்க்களத்தில் அவர்கள் கையில் இருந்தது ஜெர்மனியின் மவுசர் றைபிள். 1898இல் கியூபாவில் ஸ்பானியர் கையிலும் மவுசரே. அதைக் கண்டு அரண்ட அமெரிக்கர்கள் 1903இல் செய்த தங்கள் ஸ்பிரிங்பீல்ட் றைபிளில் மவுசரின் உறுப்புகளைப் போட்டார்கள். பிறகு தாங்களே உரிமைப் பிரச்சினையைக் கண்டு மவுசரிடம் ஒப்பந்தம் செய்தார்கள்: ஒரு றைபிளுக்கு 75 சதம், தோட்டாப் பிடி ஆயிரத்துக்கு 50 சதம், மொத்தம் 200,000 டொலர் ஆகும்வரை. எங்களுக்கு இந்த ஒப்பந்தம் பிடிக்கும். இலாபத்தில் பங்கு என்றோ விற்பனையில் வீதம் என்றோ பேசவில்லை. எத்தனை செய்தாய், எண்ணு, கொடு. மேல் எல்லையும் உண்டு, வாங்குகிறவருக்கும் பயமில்லை. இந்த இடத்துக்குத் திரும்பி வருவோம்.

சம்பளக்காரருக்கும் படையாளுக்கும் போர் முடிந்த பிறகு கணக்குப் பார்த்துக் கொடுத்த நாடு பிரித்தானியா. கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணைக்குழு 1919இல் உட்கார்ந்தது. டாங்கிக்காக வந்தவர்களில் இயந்திரத்தை வரைந்து கட்டிய டிரிட்டனுக்கும் வில்சனுக்கும் சேர்த்து 15,000 பவுண், இப்படி ஒன்று வேண்டும் என்று யோசனை சொல்லி முன்தள்ளிய சுவின்டனுக்கு 1,000. அவுஸ்திரேலியாவின் டி மோல் போருக்கு முன்பே, 1912இல், நல்ல வரைபடம் அனுப்பியிருந்தார். ஆணைக்குழு அவரை மெச்சியது, ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் டாங்கி செய்யப்பட்டது என்று காட்ட முடியாததால் கைச்செலவுக்கு மேல் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஜெட் இயந்திரம் கண்டுபிடித்த பிராங்க் விட்டிலுக்கு 1948இல் 100,000 பவுண் கிடைத்தது. இதே விட்டிலின் முதல் ஆக்கவுரிமை 1935இல் காலாவதியானது, புதுப்பிக்க வேண்டிய ஐந்து பவுண் அவரிடம் இல்லை, விமான அமைச்சும் கட்ட மறுத்தது. ஐந்து பவுண். அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் விஞ்ஞானிகள் ஆக்கவுரிமையை அரசுக்கு மாற்றிக் கொடுக்கும்போது பெயருக்கு ஒரு டொலர் என்று பத்திரத்தில் எழுதினார்கள். அந்த ஒரு டொலருக்கும் பத்திரம் இருந்தது, அதுதான் கவனிக்க வேண்டியது.

ஜெர்மன்காரர்களோ இதைச் சட்டமாக்கினார்கள், அதுவும் ஆயுத உற்பத்தியைக் கூட்டுவதற்காகத்தான். 1942இலும் 1943இலும் போர்க்காலக் கட்டளைகளாக வந்தது, 1957இல் ஊழியர் கண்டுபிடிப்புச் சட்டம் ஆனது. ஊழியர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்றைய வடிவில், நான்கு மாதத்துக்குள் முதலாளி விட்டுக்கொடுக்காவிட்டால் கண்டுபிடிப்பு முதலாளிக்குப் போகும். அது போகிற அதே கணத்தில் ஊழியருக்கு நியாயமான ஊதியம் கொடுக்கும் கடமையும் பிறக்கும். போர்க்கால அரசுக்கே புரிந்த ஒரு விஷயம்: பங்கு இல்லை என்றால் பட்டறைக்காரன் வாயைத் திறக்கமாட்டான்.

"அது ஜெர்மனி, இது இலங்கை" என்பீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். கண்டுபிடிப்பதற்கென்றே வேலைக்கு எடுக்கப்பட்டவர் செய்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், ஆக்கவுரிமை முதலாளிக்கு. ஆனால் அதன் பெறுமதி ஒப்பந்தம் செய்தபோது எதிர்பார்த்ததை விட மிகக் கூடினால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் உண்டு. கண்டுபிடிப்பது தன் வேலையே அல்லாத ஒருவர், அதாவது நம் பிட்டர், தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதைப் பார்க்கும் டீமேக்கர், கொழுந்து எடுக்கிற அக்கா, முதலாளியின் தொழில் சார்ந்த ஒன்றை முதலாளியின் கருவிகளைக் கொண்டு கண்டுபிடித்தால், அப்போதும் உரிமை முதலாளிக்குப் போகலாம். ஆனால் நியாயமான ஊதியம் இங்கே நேரடியாகவே உண்டு, சம்பளத்தையும் கண்டுபிடிப்பின் பெறுமதியையும் முதலாளிக்குக் கிடைத்த நன்மையையும் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். இந்த உரிமையை ஒப்பந்தம் போட்டுக் குறைக்க முடியாது. கண்டுபிடித்தவரின் பெயரை ஆக்கவுரிமையில் போடவும் வேண்டும், அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் தவிர.

ஆகவே "கலாஷ்னிகோவுக்கே கிடைக்கவில்லை" என்று பிட்டரிடம் சொல்வது ரஷ்யாவின் சட்டத்தை மஸ்கெலியாவில் அமுல்படுத்துவது. சிக்கல் சட்டத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. இரு தரப்பும் இணங்காவிட்டால் தொகையை நிர்ணயிப்பது கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றம். நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர் விடிய பஸ் ஏறி, பேர் விழாத, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவாகாத, நாளுக்குக் காசும் இழந்து, சட்டத்தரணிக்கும் கொடுத்து அங்கே போய் நிற்கமாட்டார் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கொழும்புக்குப் போகாமலே முடிகிற மாதிரி இரு தரப்பும் தோட்ட மட்டத்தில் ஒரு ஒழுங்கை எழுத வேண்டும் என்று கேட்கிறோம்.

அந்த ஒழுங்கில் என்ன இருக்க வேண்டும், எங்கே பிழைக்கும் என்பதைச் சொல்கிறோம்.

தொடக்கம் ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்டுக் கட்டிய கொப்பி. ஒற்றை ஒற்றையான தாள் வேண்டாம். பக்கத்துக்கு எண் போட்டு, பேனையால், கிழிக்காமல், அழிக்காமல் எழுத வேண்டும். பிழையானால் குறுக்கே ஒரு கோடு போதும். படம், மில்லிமீற்றரில் அளவு, திகதி, கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவரின் கையெழுத்து. டி மோலுக்கு விழுந்த அடி இதில்தான் தவிர்க்கப்படும்: யார் எப்போது செய்தார், யாரிடம் காட்டினார், கம்பனி எப்போது அதைப் பார்த்தது என்ற சங்கிலி.

அளவை பலரும் சொதப்புகிற இடம். கத்தரித் தட்டு என்றால் ஒரே மலை, ஒரே சுற்று, அதே ஆட்கள், பழைய கருவியில் ஆறு நாள், புதியதில் ஆறு நாள். மழை நாள் நிறையைக் கணக்கில் எடுக்கக்கூடாது, கொழுந்தோடு தண்ணீரும் நிறுக்கும், புதுக் கருவி வென்ற மாதிரி தெரியும். கிலோ மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுவையிலும் 100 கிராம் அள்ளி நல்ல கொழுந்து, முற்றல், அடிபட்டது என்று பிரித்து நிறுக்க வேண்டும். கிலோ கூடி முற்றலும் கூடினால் அது கண்டுபிடிப்பு அல்ல, ஸ்டோருக்கு, அதாவது தோட்டத் தொழிற்சாலைக்கு, தலைவலி. ரோலர் மாற்றம் என்றால் ஒரே அளவு இலை, ஒரே நேரம், ஒரே அமுக்கம். சுருட்டுவதற்கு முன் இலையை வாடவைக்கும் வாட்டல் எத்தனை வீதம் என்று ஒவ்வொரு முறையும் எழுதாவிட்டால் முழுப் பரீட்சையும் வீண். வாடாத இலை எந்த ரோலரிலும் நொறுங்கும்.

வாயும் கைபேசியும் அடுத்த ஆபத்து. வீடியோ எடுத்து வெளியில் விட்டால் புதுமை போய்விடும். கண்டுபிடித்தவரே வெளியிட்டது என்றால் இலங்கையில் விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடம் வரை மன்னிப்பு உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, அங்கே விற்க நினைக்கிற கருவியென்றால் கதை அன்றோடு முடிந்தது. கம்பனி விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமைப்படுவதும் இதில் சேரும்.

பிறகு தெரிவித்தல். ஒரு பக்கப் படிவம், மூன்று பிரதி, ஒன்றில் திகதி முத்திரையோடு தோட்ட அதிகாரியின் கையெழுத்து வாங்கிக் கண்டுபிடித்தவர் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பனிக்கு ஒரு கெடு, நாங்கள் முன்மொழிவது நான்கு மாதம். அதற்குள் வேண்டும் என்று எழுத்தில் சொல்லாவிட்டால் கம்பனி தன் உரிமையை விட்டுவிட்டதாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இது ஜெர்மன் முறையின் மறுபக்கம். நம் அலுவலகங்களில் கடிதங்கள் தூங்குகிற தூக்கத்துக்கு இதுதான் பொருத்தம்.

பணம். இங்கே கம்பனிகள் 'விற்பனையில் வீதம்' என்று தாராளமாகச் சொல்லக்கூடும். உதாரணத்துக்குக் கருவி ஒன்று 40,000 ரூபா, நூற்றுக்கு 4.5 வீதம் என்றால் ஒன்றுக்கு 1,800 ரூபா, நூறு விற்றால் 180,000. நல்லது. ஆனால் கம்பனி அதை வெளியில் விற்காமல் தன் பத்துத் தோட்டத்திலும் தானே செய்து போட்டுக்கொண்டால்? விற்பனை பூச்சியம், வீதமும் பூச்சியம். தேயிலைத் தோட்டத்துக் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை விற்பதற்கல்ல, பாவிப்பதற்கு. ஆகவே மவுசர் முறைதான் நமக்குச் சரி: பொருத்தப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான தொகை, வேண்டுமானால் மேல் எல்லையோடு. 'நிகர இலாபத்தில் பங்கு' என்ற சொல்லை எந்தச் சங்கமும் ஏற்கக்கூடாது. நிகர இலாபம் கணக்காளரின் பேனையில் பிறந்து அங்கேயே சாகும். வருடத்துக்கு ஒருமுறை எத்தனை பொருத்தப்பட்டது என்று கண்டுபிடித்தவரோ சங்கப் பிரதிநிதியோ எண்ணிப் பார்க்கும் உரிமையும் எழுதப்பட வேண்டும்.

ஆக்கவுரிமை எடுத்தால் விண்ணப்பச் செலவும் வருடாந்தக் கட்டணமும் கம்பனியினுடையது. காலம் தவறினால் மேலதிகக் கட்டணத்தோடு ஆறு மாதச் சலுகை இருக்கிறது, அதற்கும் மேல் உரிமை செத்துப்போகும். கம்பனிக்கு இனி வேண்டாம் என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்தவருக்கு எழுதித் தெரிவித்து, அவர் விரும்பினால் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். விட்டிலின் ஐந்து பவுணை இங்கே திரும்ப நடத்திக் காட்டத் தேவையில்லை. மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்து வைக்க வேண்டும், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். மீறுகிறவர் மீதான வழக்கு கம்பனியின் செலவில், வைட்டின் வரி தலைகீழாக.

இன்னும் இரண்டு. இது தோட்டங்கள் கை மாறும் நாடு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்குப் போயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. நாளை யாரிடம் போகும் என்று யாருக்கும் தெரியாது. கொடுப்பனவுக் கடமை தோட்டத்தை எடுக்கிற அடுத்தவரையும் கட்டுப்படுத்தும் என்று எழுதாவிட்டால், புதுப் பலகை மாட்டிய அன்று பழைய வாக்கு காற்றில் போகும். ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் பணம் அவருக்கோ குடும்பத்துக்கோ வர வேண்டும்.

மற்றது, யாருடைய பெயர் என்ற கேள்வி. பட்டறையில் வெட்டி ஒட்டியவர் பிட்டர். கைப்பிடி இந்தச் சாய்வில் இருந்தால் மணிக்கட்டு நோகாது, தட்டின் வாய் இந்தப் பக்கம் திறந்தால் கொழுந்து சிந்தாது என்று சொன்னது மலையில் நின்ற பெண். ஆறு நாள் பாவித்துப் பார்த்தது மட்டும் என்றால் அவர் பரீட்சித்தவர். அந்தச் சாய்வும் அந்த வாயும் அவர் சொல்லி வந்தவை என்றால் அவரும் கண்டுபிடித்தவர், படிவத்தில் அவர் பெயரும் ஏற வேண்டும். டாங்கிக்கு யோசனை சொன்னவருக்கு 1,000, கட்டியவர்களுக்கு 15,000 என்று பிரித்த ஆணைக்குழுவின் விகிதத்தை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அது யோசனைக்குப் பூச்சியம் போடவில்லை.

நமது பெக்டரிகளில் சிரொக்கோ என்ற பெயர் தெரியாதவர் இல்லை. தேயிலையைக் காயவைக்கும் அந்த டிரையரைச் செய்த சாமுவேல் டேவிட்சன் அசாமில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். உரிமைகளைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு 1881இல் பெல்பாஸ்டில் சொந்தத் தொழிற்சாலை போட்டார். அங்கே செய்த காற்றாடிகள் பிறகு போர்க்கப்பல்களுக்கும் போயின. தேயிலைக்குச் செய்தவன் பணக்காரனாக முடியாது என்பதற்கு அவர் பதில், ஆயுதம்தான் பணம் என்பதற்கும் அவரே பதில்.

இந்த மடலோடு மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் இணைத்திருக்கிறோம். ஏழு கட்டங்கள்: பெயர்கள், பொருள், படம், பரீட்சை அளவுகள், தெரிவித்த திகதி, கம்பனியின் பதில், பொருத்தப்படும் ஒன்றுக்குக் கொடுக்கும் தொகை. ஆறு கட்டங்களை எப்படி நிரப்புவது என்று மாதிரி எழுதிவிட்டோம். ஏழாவதை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதில் எண் போட வேண்டியவர்கள் நீங்கள் இரு தரப்பும்தான்.

இப்படிக்கு,
தோட்டப் பட்டறைகளிலும் ஆக்கவுரிமை விண்ணப்பங்களிலும் வேலை செய்யும் சிலர்
ஹட்டன்